எம்.எல்.ஏ.வுக்கு ஆஜர் போடுகிறவர்

கல்யாண மண்டபத்துப் பின்வாசல் வழியாக நுழைந்து, சாம்பார் வாளிகளைத் தாண்டி, இலைக்கட்டுகளைத் தாண்டி, கொம்பையா நேரே சமையல் பார்க்கிற தவசுப்பிள்ளையிடம்தான் போவார். தவசுப்பிள்ளை கரண்டியை விடாமலே தலையைத் திருப்புவார்.

"காலைல எம்.எல்.ஏ. வந்தாரா?"

"வந்தாரு அண்ணாச்சி."

"எத்தனை மணிக்கு?"

"தாலி கட்டி முடிஞ்ச பொறவு வந்தாரு. ஒம்பதரை இருக்கும்."

"பந்தியில உக்காந்தாரா, நின்னுக்கிட்டே போயிட்டாரா?"

"உக்காந்தாரு. பாயாசம் ரெண்டு தடவை வாங்குனாரு."

கேட்டதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு வந்த வழியே போய்விடுவார். பெண் யார், மாப்பிள்ளை யார், அவருக்குத் தெரியாது. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னால் கையைக் கூப்புவார். அழைப்பில்லாத வீட்டில் கை நனைக்கிற வழக்கம் அவரிடம் இல்லை. ஒருவர் எத்தனை தடவை பாயாசம் வாங்கினால் இவருக்கு என்ன என்று புதுசாகப் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சட்டசபை கூடுகிற நாளில், ஒன்பதரை மணிக்குக் கோவில்பட்டிப் பந்தியில் பாயாசம் குடிக்கிற ஆள் சென்னையில் இருக்க முடியாது. கணக்கு அவ்வளவுதான்.

கொம்பையா தீப்பெட்டி ஆபீஸில் ஆஜர் எழுதுகிறவர். தீப்பெட்டி செய்கிற இடத்தை இந்தப் பக்கம் யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஆபீஸ்தான். காலை ஏழரைக்கு வாசலில் ஒரு மேசை, மேசைமேல் நீள நோட்டு, நோட்டுக்குப் பின்னால் அவர். சுற்று ஊர்களிலிருந்து வேனிலும் நடந்தும் வருகிற நூற்றறுபது பெண்கள் அவரிடம் பேர் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏழே முக்கால் தாண்டினால் அரைநாள். சொந்த அத்தை மகளுக்கே அரைநாள் போட்டவர் என்று அவருக்குப் பேர். முதலாளி நெருக்கிச் செய்கிற காரியமல்ல, அதுதான் நியாயம் என்று அவருக்கே பட்டது. "பதினெட்டு வருசமா இந்த மேசையில இருக்கேன். ஒரு நாளு நான் லேட்டுன்னு யாராச்சும் சொல்லட்டும், அன்னிக்கே நோட்டை மூடிட்டுப் போறேன்" என்பார். யாரும் சொன்னதில்லை. சொல்ல இடம் வைக்கிற ஆளும் இல்லை.

ஐம்பத்துநாலு வயசு. ஒல்லி உடம்பு, முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மூன்று மடிப்பு மடித்திருப்பார். பேச்சில் நேற்று, முந்தாநாள், போன வாரம் எதுவும் வராது. "பதினாறாம் தேதி உங்களக் கயத்தாத்து பஸ்ஸுல பாத்தேன்லா" என்பார். வீட்டுச் சண்டைகூடத் தேதியோடுதான் நினைவிருக்கும். "இந்த மனுசன் செத்தாலும் தேதி கேட்டுட்டுதான் கண்ண மூடுவாரு" என்று அவர் மனைவி வெயிலம்மாள் அலுத்துக்கொள்வாள்.

அவர் ஊர் விளாத்திகுளம் சாலையை விட்டு உள்ளே இரண்டு மைல். நடுவில் ஓர் ஓடை. வருசத்தில் பத்து மாதம் அதில் ஆடுதான் மேயும். ஐப்பசி பிறந்துவிட்டால் கரிசல் மண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், ஓடையில் மேட்டுத் தண்ணீரெல்லாம் ஒன்றாக வந்து இறங்கும். டவுன் பஸ் சாலையிலேயே திரும்பிவிடும். ஒரு பாலம் வேண்டும் என்று அந்த ஊர் கேட்க ஆரம்பித்தபோது கொம்பையாவுக்கு மீசை முளைத்திருக்கவில்லை.

அப்படி ஓர் ஐப்பசியில், தொண்ணூறுகளின் பின்பாதியில், அவர் ஊர்ப் பெண்கள் எட்டுப் பேர் இருபது நிமிசம் பிந்தி வந்தார்கள். ஓடையில் இடுப்பளவு தண்ணீர். கொம்பையா அதே ஓடையை விடியுமுன்னே, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டி வந்திருந்தார். எட்டுப் பேருக்கும் அரைநாள் போட்டார். சொர்ணத்தாய் என்று ஒருத்தி, முந்தானையைப் பிழிந்துகொண்டே மேசைக்கு முன்னால் நின்றாள். கோபமாகப் பேசவில்லை.

"ஓடையில தண்ணி வந்தது ஒங்களுக்கும் தெரியும் அண்ணாச்சி. எங்களுக்கு அரைநாளு போடுதீங்க, சரி. பாலம் கேக்கச் சொல்லி மெட்ராசுக்கு ஒருத்தர அனுப்பி வச்சோமே, அவிய அங்கன போறாவளா இல்லையான்னு எந்த நோட்டுல எழுதுதாவ?"

பதினெட்டு வருசத்தில் அந்த மேசைக்கு முன்னால் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தார். சென்னையில் சட்டசபை வாசலில் மேசை போட்டு உட்கார அவரால் முடியாது. எம்.எல்.ஏ. அங்கே இருக்கிறாரா என்று பார்க்க வழியில்லை, இங்கே இருக்கிறாரா என்று பார்க்கலாம். சபை கூடுகிற நாட்களைப் பேப்பரில் குறித்துக்கொள்வார். அந்த நாட்களில் உள்ளூர்ச் செய்தி, பஸ் கண்டக்டர்கள், மண்டபத்து வாட்ச்மேன், தவசுப்பிள்ளை, இத்தனை பேரையும் விசாரிப்பார். உள்ளூரில் ஆள் தென்பட்டது உறுதியானால், வீட்டுத் தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் இடமும் நேரமும் பார்த்த ஆளின் பேரும் எழுதி, ஒரு கம்பியில் குத்தி வைப்பார். இரண்டு பேர் சொல்லாமல் எழுதமாட்டார். ஆஜர் எழுதுகிறவன் காதில் விழுந்ததையெல்லாம் எழுதக்கூடாது என்பது அவர் கட்சி.

ஓட்டெடுப்புக்குச் சிவப்பு மை. சபையில் ஆள் எண்ணி ஓட்டெடுப்பது அபூர்வம், பெரும்பாலும் 'ஆம்', 'இல்லை' என்ற சத்தத்தோடு முடிந்துவிடும். எண்ணினால் பேர்கள் அச்சில் வரும். அந்த ஐந்து வருசத்தில் அவர் கண்ணில் பட்டவரை ஏழு தடவை எண்ணியிருக்கிறார்கள். நம் ஆளின் பேர் இரண்டில் இருந்தது. மற்ற ஐந்து தாளிலும் சிவப்புச் சுழி.

இத்தனைக்கும் எம்.எல்.ஏ. மோசமான மனுசர் இல்லை. அவர் பேரும் கட்சியும் தொகுதியும் இங்கே வேண்டாம், எழுதினால் எந்தத் தொகுதிக்காரரும் தம் ஆள் என்று சண்டைக்கு வரலாம். கூப்பிட்டால் வருவார். இந்தப் பக்கத்தில் ஒரு மனுசனைப் பற்றிச் சொல்லக்கூடிய பெரிய சொல் அதுதான். காதுகுத்து என்றால் வருவார், கோயில் கொடை என்றால் வருவார். துட்டி வீட்டுக்கு வந்தால் மாலையைப் போட்டுவிட்டு ஓடமாட்டார், பாடை தூக்குகிற வரைக்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெயிலில் நிற்பார். கம்பியில் சேர்ந்த தாள்களைத் திருப்பிப் பார்த்தால் முக்கால்வாசியில் வளர்பிறை முகூர்த்தம் என்று அச்சடித்திருக்கும். சித்திரை வைகாசியில்தான் சபை மும்முரமாக நடக்கும், கல்யாணமும் அப்போதுதான்.

"கூப்பிட்டா வாராருலா அண்ணாச்சி. முந்தி இருந்தவரு மூஞ்சியவே நாம பாத்ததில்ல" என்று சொர்ணத்தாயே ஒரு நாள் பரிந்து பேசினாள்.

"எதுக்கு ஓட்டுப் போட்ட? உன் வீட்டுப் பந்தியில உக்கார ஆளில்லன்னா?" என்று எரிந்து விழுந்தார்.

பாலத்துக்கு மனு எழுதியதும் அவர்தான். எம்.எல்.ஏ. பொறுமையாகப் படித்துப் பார்த்து, "இதச் சபையில கேள்வியாவே போட்டிருவோம்" என்றார். போட்டும் விட்டார். அதன் பிறகு எப்போது கேட்டாலும் அவருடைய உதவியாளர் முத்துசெல்வத்திடமிருந்து ஒரே பதில், "வரிசையில இருக்கு அண்ணாச்சி."

வரிசையில் இருந்தபடியே இரண்டு மழைக்காலம் வந்து போயிற்று. மூன்றாவது ஐப்பசியில் கொம்பையாவின் ஒரே மகள் வள்ளிமயில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். நாள் இன்னும் பத்து இருக்கிறது, நாலு நாளில் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போய்ச் சொந்தக்காரர் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று வெயிலம்மாள் யோசித்திருந்தாள். ஒரு மத்தியானம் வலி கண்டுவிட்டது. காலையிலிருந்து மழை. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடைக்கரைக்கு வந்தார்கள். எதிர்க்கரையில் ஆட்டோ வந்து நின்றது. டிரைவரின் முகம் தெரிகிற தூரம்தான். நடுவில் தண்ணீர் கருவேல மரங்களை இழுத்துக்கொண்டு போனது. நாலு பேர் இறங்கிப் பார்த்தார்கள், கால் நிற்கவில்லை. மூன்று மணி நேரம் அப்படியே நின்றார்கள். சொர்ணத்தாயும் மற்றப் பெண்களும் சுற்றிச் சேலை பிடித்தார்கள். ஆண் பிள்ளை. அழவில்லை. ஆட்டோ டிரைவர் எதிர்க்கரையிலிருந்து "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தி சாயும்போது தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது, சின்னப்பிள்ளைகள்கூடத் தாண்டலாம்.

வள்ளிமயில் புருசன் வீட்டுக்குப் போய் ஒரு வருசம் இருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. இப்போது அதே தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கிறாள். காலையில் மேசைக்கு முன்னால் வந்து, மற்றவர்களைப் போலப் பேர் சொல்லிவிட்டுத்தான் போகிறாள். அப்பனும் நிமிர்ந்து பார்க்காமல்தான் எழுதுகிறார்.

அந்தப் பிள்ளைக்கு யாராவது ஒருத்தர் பதில் சொல்லியாக வேண்டும். கொம்பையாவுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். தாள்கள் கம்பியில் கூடிக்கொண்டே போயின. சட்டமன்றத் தேர்தல் நெருங்கியபோது எண்ணிக்கை அறுபத்துநாலு. எம்.எல்.ஏ. எப்படியும் ஓட்டுக் கேட்டு வருவார், ஓடைக்கரையிலேயே நிறுத்தி அவர் முகத்துக்கு நேரே அத்தனையையும் வாசித்துவிடுவது என்று ஊர் பேசி முடிவு செய்தது. வாசிக்கிறவர் கொம்பையா. வேறு யாருக்கு அந்த உரிமை இருக்கிறது?

வாசிக்கிறதானால் பாலத்துக் கேள்வி கடைசியில் என்னாயிற்று என்பதும் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் தூத்துக்குடி நூலகத்துக்குப் போனார். சபையில் பேசியதையெல்லாம் வருசவாரியாகத் தைத்து வைத்திருக்கிற தடித்தடிப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார்கள். மத்தியானம் வரைக்கும் புரட்டினார். கிடைத்தது.

அவர்கள் ஊர் ஓடையின் பேர் அச்சில் இருந்தது. கேள்வி எண், அதற்குக் கீழே, உறுப்பினர் அவையில் இல்லை என்று ஒரு வரி. அடுத்த கேள்வி வேறொரு தொகுதிக்காரருடையது, அதுவும் ஓர் ஓடைப் பாலம்தான். அந்த ஆள் எழுந்து நின்று கேட்டிருக்கிறார், விடாமல் மூன்று தடவை கேட்டிருக்கிறார். இந்த ஆண்டுத் திட்டத்திலேயே எடுத்துக்கொள்வதாக அமைச்சர் சொல்லியிருக்கிறார். கொம்பையா வரி விடாமல் எழுதிக்கொண்டார். உள்ளுக்குள் ஒரு சந்தோசம். மாட்டிக்கொண்டான் என்கிற சந்தோசம். எழுதி முடித்துவிட்டுத்தான் பக்கத்தின் தலைப்பில் தேதியைப் பார்த்தார்.

தேதி மறக்காத மனுசர் அதை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வள்ளிமயிலின் கல்யாண நாள்.

பத்திரிகையில் 'தலைமை' என்று எம்.எல்.ஏ.வின் பேரைப் போட்டிருந்தார்கள். சம்பந்தி வீட்டார் கொஞ்சம் வசதியானவர்கள், அவர்களுக்கு முன்னால் தலை நிமிர்ந்து நிற்க வேண்டுமே என்று. அதற்காக மூன்று தடவை கட்சி ஆபீசுக்கு நடந்தார் கொம்பையா. "அன்னிக்குச் சபை இருக்கு அண்ணாச்சி. ரெண்டு நாளு கழிச்சு வீட்டுக்கே வந்து வாழ்த்திட்டுப் போகச் சொல்லுதேன்" என்று முத்துசெல்வம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கொம்பையா விடவில்லை. "ரெண்டு நாளு கழிச்சு வந்து என்ன செய்ய? சம்பந்தி வீட்டுல கேப்பாவல்லா. ஒரு நாளுதானே தம்பி" என்றார். எம்.எல்.ஏ.வே வெளியே வந்து தயங்கினார். கொம்பையா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கையைப் பிடித்த பிறகு அந்த மனுசரால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. ராத்திரி ரயிலேறி வந்து, காலையில் மாலை எடுத்துக் கொடுத்து, மத்தியானம் பந்தி முடிகிறவரைக்கும் இருந்துவிட்டுப் போனார். ஊரே பெருமையாகப் பேசியது. தவசுப்பிள்ளைகளை விசாரிக்கிற வேலை எதுவும் கொம்பையாவுக்கு அன்றைக்கு இல்லை, தன் கையாலேயே பரிமாறினார்.

வீட்டுக்கு வந்து வெயிலம்மாளின் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். கல்யாண நாளின் காலண்டர் தாளை அவள் மஞ்சள் தடவி, கூறைச்சேலை மடிப்புக்குள் வைத்திருந்தாள். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"அத எதுக்கு இப்ப எடுக்குதீய?" என்றாள்.

"சும்மாத்தான்" என்றார். தாளைப் பழையபடி மடிப்புக்குள் வைத்தார்.

அடுத்த ஒரு மாதம் அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள், காரணம் தெரியாமல் பார்த்தார்கள். மேசையில் உட்கார்ந்து பேரை இரண்டாம் தடவை கேட்பார். மண்டபங்கள் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். அறுபத்துநாலோடு விட்டுவிடலாம். அந்த ஒரு நாளைச் சேர்க்காவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? தூத்துக்குடிக்குப் போய் அந்தப் புத்தகத்தைப் புரட்ட இந்த ஊரிலிருந்து இன்னொருவர் போகப்போவதில்லை. ஆனால் சொர்ணத்தாய் விடுகிறவளா.

"பாலத்துக் கேள்வி கிடைச்சுதா அண்ணாச்சி?"

"கிடைச்சுது."

"அன்னிக்கு இருந்தாரா?"

"இல்ல."

"அப்ப அதையும் கூட்டத்துல படிக்கணும். அந்தப் புள்ளைக்குப் பதில் சொல்லாம இந்த ஓடையத் தாண்ட விடப்புடாது."

வள்ளிமயில் பக்கத்தில்தான் நின்றாள். "அப்பா படிப்பாவ அக்கா" என்றாள். அவள் வாயைத் திறந்து ஒரு விசயம் பேசி ரொம்ப நாளாகியிருந்தது.

பங்குனி கடைசியில் எம்.எல்.ஏ. வந்தார். காய்ந்த ஓடைக்கு நடுவில் ஜீப்பை நிறுத்தினார்கள். ஊர் முழுக்க அங்கே இருந்தது. நிழலுக்குக்கூட ஒதுங்காமல் எம்.எல்.ஏ. வெயிலில் நின்று கும்பிட்டார். கொம்பையா வாசித்தார். தேதி, கிழமை, இடம், நேரம். ஆபீஸில் பேர் வாசிக்கிற அதே குரல். ஓட்டெடுப்பு நடந்த நாட்கள் வரும்போது மட்டும், "அன்னிக்கு ஓட்டெடுப்பு, இல்லை" என்று நிறுத்துவார். அறுபத்துநாலும் முடிய இருபது நிமிசமாயிற்று. எம்.எல்.ஏ. ஒன்றையும் மறுக்கவில்லை. "கூப்பிட்டிய, வந்தேன். தப்புன்னா தப்புதான்" என்று மட்டும் சொன்னார்.

"பாலத்தப் படிங்க அண்ணாச்சி" என்றாள் சொர்ணத்தாய்.

கொம்பையா அதையும் வாசித்தார். ஓடையின் பேர், கேள்வி எண், உறுப்பினர் அவையில் இல்லை. வேறொரு தொகுதிக்குப் பாலம் கிடைத்த கதை. தேதியை மட்டும் வாசிக்கவில்லை.

கூட்டம் கொதித்துவிட்டது. ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். அந்தச் சத்தத்தில் வள்ளிமயிலின் குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் அவள் பேசுகிறாள் என்று தெரிந்ததும் மற்றவர்கள் அடங்கினார்கள்.

"அன்னிக்கு நீங்க எங்க போயிருந்திய?"

எம்.எல்.ஏ. உண்மையாகவே யோசித்தார். முத்துசெல்வத்தைப் பார்த்தார், அவனும் உதட்டைப் பிதுக்கினான். வருசத்துக்கு இருநூறு வீடு ஏறி இறங்குகிற மனுசர். "ஞாபகம் இல்லையே தாயி" என்றார். "யாரு வீட்டு நல்லதுக்கோ போயிருப்பேன்."

"யாரு வீட்டுக்கு?" என்று நாலைந்து பேர் கேட்டார்கள். அந்த வீட்டையும் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது அவர்களுக்கு.

எம்.எல்.ஏ.வுக்கு ஞாபகம் இல்லை. முத்துசெல்வத்துக்கும் இல்லை. அதோடு விட்டிருந்தால் முடிந்தது.

"என் வீட்டுக்கு" என்றார் கொம்பையா. "வள்ளிமயிலு கல்யாணம் அன்னிக்கு. சபை இருக்கு, வர முடியாதுன்னாவ. நான்தான் விடல."

சொர்ணத்தாய் வாயில் கை வைத்துக்கொண்டாள். வெயிலம்மாள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். கொம்பையா கையிலிருந்த தாள்களைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். முழங்கைக்கு மேல் மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுப் பொத்தான் போட்டார். பிறகு ஊர்க்காரர்கள் நின்ற பக்கத்தை விட்டு நடந்து போய், எம்.எல்.ஏ.வுக்கு அருகில், மகளைப் பார்த்து நின்றுகொண்டார்.